தெரியவருகிறது என்று எழுதும் முன்

உட்காருங்க, உட்காருங்க. ரிட்டயர் ஆனவளுக்கு எழுந்து நின்னு என்ன மரியாதை வேண்டிக்கிடக்கு. புதுசா வேலைக்குச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு ரிப்போர்ட் எழுதறதைப் பத்தி ஒரு மணி நேரம் பேசணும்னு கூப்பிட்டாங்க. சரின்னு வந்துட்டேன். ரூல்ஸ் புஸ்தகத்தைப் பிரிச்சு வச்சுப் பாடம் நடத்துவேன்னு நினைச்சிருந்தா ஏமாந்துபோவீங்க. அதையெல்லாம் என்னைவிட நல்லாப் படிச்சுட்டுத்தான் பரீட்சை எழுதி வந்திருக்கீங்க.

நான் இந்தக் காரைக்கால்ல பொறந்து வளர்ந்தவ. இங்கேயே அரசாங்க ஆபீஸ்ல முப்பது வருஷத்துக்கு மேல இங்கிலீஷ் எழுதிப் பொழச்சேன். கீழேயிருந்து தமிழ்ல வர்ற சமாச்சாரத்தை இங்கிலீஷாக்கி புதுச்சேரிக்கு அனுப்பணும். அதுதான் என் வேலை. வெள்ளம், புயல், ரோடு மறியல், கோழிச் சண்டை எல்லாமே என் கை வழியாத்தான் மேல போகும்.

இந்த வேலையில சேர்ந்த மறுநாளே ஒரு வாக்கியம் உங்க கையில வந்து ஒட்டிக்கும். 'இட் ஈஸ் லேர்ன்ட் தட்'. அதுக்கு அண்ணன் தம்பிங்க வேற இருக்காங்க. 'இட் ஈஸ் ரிப்போர்ட்டட்', 'இட் ஈஸ் அண்டர்ஸ்டுட்', 'இட் ஈஸ் அலெஜ்டு'. தமிழ்ல எழுதினா தெரியவருகிறது, கூறப்படுகிறது, சொல்லப்படுகிறது. யாருக்குத் தெரியவந்துச்சு, யாரு கூறினா, அதை மட்டும் யாரும் கேக்கப்படாது. எங்கப்பா பிரெஞ்சுக்காரன் காலத்துல குமாஸ்தாவா இருந்தவர். அவங்க பாஷையிலயும் 'ஓன் தி'ன்னு ஒண்ணு உண்டாம், 'சொல்றாங்க'ன்னு அர்த்தமாம். கொடி மாறுச்சு, பாஷை மாறுச்சு, இது மட்டும் நாற்காலியை விட்டு நகரவே இல்ல பாருங்க.

நான் சேர்ந்த புதுசுல எனக்கு ஒரு சூப்பிரண்டு இருந்தார். பேர் வேண்டாம். இங்கிலீஷ்ல புலி. எனக்கு எழுதக் கத்துக்குடுத்ததே அவர்தான். ஒரு சனிப்பெயர்ச்சி அன்னைக்கு திருநள்ளாறே நெருக்கித் தள்ளுது. கூட்டம் எப்படி இருக்குன்னு மேலேயிருந்து கேக்குறாங்க. மனுஷன் ஃபேனுக்குக் கீழேயிருந்து அசையல. தயிர்சாதத்தைச் சாப்பிட்டுக்கிட்டே, 'கூட்டம் ஒழுங்காக இருப்பதாகத் தெரியவருகிறது'ன்னு இங்கிலீஷ்ல அழகா ஒரு வரி எழுதினார். "யாரு சார் சொன்னா?"ன்னு கேட்டேன். "யாரும் சொல்லலம்மா. அதனாலதானே இட் ஈஸ் லேர்ன்ட். எவனாவது சொல்லியிருந்தா அவன் பேரைப் போட்டு, அவன் தலையில கட்டியிருக்க மாட்டேனா?"ன்னார். நான் சிரிச்சுட்டேன். அன்னைக்கு ஒண்ணும் ஆகல, சாமி புண்ணியம்.

அதுக்காக இந்த வாக்கியமே விஷம்னு நினைச்சுக்காதீங்க. அப்படி ஒரேயடியாச் சொல்றவங்களை நம்பாதீங்க, அவங்க ஒரு ஃபைலும் எழுதியிருக்க மாட்டாங்க. ஒரு தடவை பதினஞ்சு வயசுப் பொண்ணுக்குக் கல்யாணம் ஏற்பாடு பண்ணிட்டாங்கன்னு பக்கத்து வீட்டம்மா ஒருத்தங்க பயந்து பயந்து வந்து சொன்னாங்க. அந்த ரிப்போர்ட்ல நானே 'இட் ஈஸ் லேர்ன்ட்'னுதான் எழுதினேன். ஆனா யாரு சொன்னாங்கன்னு எனக்குத் தெரியும். என் அதிகாரிக்கும் தெரியும். பேப்பர்ல மட்டும் இல்ல. அந்தம்மா அதே தெருவுல இருந்தாகணுமே. பேர் தெரிஞ்சு மறைக்கிறது வேற, பேரே இல்லாம எழுதறது வேற. இதைக் குறிச்சுக்கறவங்க குறிச்சுக்கலாம். நான் சொல்ல வந்தது இன்னொண்ணு.

ஒரு கார்த்திகை மாசம். வங்கக்கடல்ல புயல் உருவாகி நம்ம பக்கம் திரும்புது. ஆபீஸ் மாடியில கண்ட்ரோல் ரூம் போட்டாச்சு. நான் அங்கே ரிப்போர்ட்டுக்குப் பொறுப்பு. எங்களுக்கு மேல இருந்த அதிகாரியை சார்னே சொல்றேன். கோபக்காரர். முகத்தைப் பார்த்தா பேசவே தோணாது. ஆனா காது குடுத்துக் கேப்பார், அது பெரிய குணம்.

மீனவர் யாரும் போகாதீங்க, போனவங்க திரும்பிடுங்கன்னு முந்தாநாளே தண்டோராப் போட்டாச்சு. கடல்ல ஒரு ரோந்துக் கப்பல் சுத்திக்கிட்டிருக்கு. வெளியில நிக்கிற படகுகளைக் கூப்பிட்டுக் கரைக்கு அனுப்பறது அதோட வேலை. வடக்கே இன்னொரு மாவட்டத்துலயும் படகுங்க வெளியில இருக்கு, கப்பலை இங்கே அனுப்புங்கன்னு அவங்களும் கத்திக்கிட்டிருக்காங்க. காரைக்கால்ல எல்லாரும் கரை சேர்ந்தாச்சுன்னு நாம ஒரு வரி எழுதிக் குடுத்தா, கப்பல் வடக்கே போயிடும். இல்லேன்னா இங்கேயே இருந்து தேடும். அந்த ஒரு வரிக்காகத்தான் மத்தியானத்துலேருந்து புதுச்சேரி போன் மேல போனா அடிக்குது.

அந்த வரி வந்துச்சு. மீன்வளத்துறை இன்ஸ்பெக்டர் அனுப்பியிருந்தார். 'காரைக்கால் பகுதியின் அனைத்துப் படகுகளும் பத்திரமாகக் கரை திரும்பிவிட்டதாகத் தெரிவிக்கப்படுகிறது.' சார் அதை என்கிட்ட நீட்டி, "மேடம், இங்கிலீஷ்ல போட்டு அனுப்பிடுங்க"ன்னார். எனக்கு ரெண்டு நிமிஷ வேலை. இட் ஈஸ் ரிப்போர்ட்டட் தட்ல ஆரம்பிச்சு முடிச்சுடலாம். ஆனா அன்னைக்கு என்னமோ கை ஓடல. இன்ஸ்பெக்டருக்குப் போனைப் போட்டேன்.

"தம்பி, எல்லாப் படகும் வந்தாச்சுன்னு யாரு தெரிவிச்சா?"

"வி.ஏ.ஓ.கிட்டேருந்து வந்துச்சு மேடம். மீன்பிடித் துறைமுகத்துல நிக்கிற பெரிய படகெல்லாம் நானே நேர்ல பார்த்துட்டேன், மத்த மீனவ ஊருக்கும் போய்ப் பார்த்தாச்சு. மண்டபத்தூர் மீனவங்க படகுங்களுக்கு மட்டும் அவருதான் சொன்னார்."

மண்டபத்தூர்ப் பக்கம் பார்க்கிற வி.ஏ.ஓ.வைப் பிடிச்சேன். பின்னாடி ஒரே லாரி ஹாரன். "நான் எங்க மேடம் சொன்னேன்? இன்ஸ்பெக்டர்தான் வாட்ஸப் குரூப்புல போட்டிருந்தார். அதைப் பார்த்துத்தான் நானும் 'ஆமா, வந்தாச்சு'ன்னு போட்டேன்."

"நீங்க கடற்கரைக்குப் போனீங்களா?"

"எங்க மேடம் போறது! என்னைக் கீழவாஞ்சூர்ல டூட்டி போட்டுட்டாங்க. ரோட்ல மரம் சாஞ்சு கிடக்கு. துறைமுகத்துக்குப் போற லாரியெல்லாம் வரிசையா நிக்குது. காலையிலேருந்து ஒரு டீ குடிக்கல."

பாருங்க கூத்தை. அவரு இவரைக் காட்டுறார், இவரு அவரைக் காட்டுறார். இன்ஸ்பெக்டர் போட்டது கேள்வியா பதிலான்னுகூட இப்ப யாருக்கும் ஞாபகமில்ல. பொய் சொன்னவன் ஒருத்தனும் கிடையாது. ரெண்டு பேருமே அன்னைக்கு நாய் படாத பாடு பட்டவங்க. ஆனா மண்டபத்தூர்க் கரையில நின்னு கண்ணால பார்த்தவன்னு ஒருத்தனும் இல்ல. 

சார்கிட்ட போய்ச் சொன்னேன். எரிஞ்சு விழுவார்னு நினைச்சேன். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். "ஜீப்பை எடுத்துக்கிட்டு நீங்களே போய்ப் பாருங்க. ரொம்ப நேரம் என்னால இழுத்துப் பிடிக்க முடியாது. வடக்கேயும் மனுஷங்கதான் இருக்காங்க"ன்னார். அதை மறந்துடாதீங்க. கப்பலை இங்கே நிறுத்தி வைக்கிறதும் சும்மா காரியம் இல்ல. நான் தப்பா நிறுத்தினா அங்கே எவனோ ஒருத்தன் குடும்பம் அழும்.

மண்டபத்தூர் ஒண்ணும் தூரமில்ல. ஆனா அன்னைக்குப் போய்ச் சேரறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு. காத்து ஜீப்பைப் பிடிச்சு ஆட்டுது. கரையில படகையெல்லாம் மேட்டுக்கு இழுத்துக் கட்டியிருந்தாங்க. ஆம்பளைங்க கயிறு முறுக்கிக்கிட்டிருக்காங்க, பொம்பளைங்க சாக்கைத் தலையில போட்டுக்கிட்டுக் கூட்டமா நிக்கிறாங்க. ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் ஓடி வந்தார்.

"எல்லாரும் வந்தாச்சாங்க?"ன்னு கேட்டேன்.

"நல்லபடியா இருக்கோம் மேடம்"னார்.

பொம்பளைங்க பக்கம் திரும்பிக் கேட்டேன். "வந்துருவாங்க", "எல்லாம் வந்துருவாங்க"ன்னு ஆளாளுக்குச் சொன்னாங்க. முகத்துல ஒண்ணும் தெரியல. சரி, நல்ல சேதிதான்னு ஜீப்புக்குத் திரும்பியிருப்பேன். என்ன இருந்தாலும் நான் டவுன்காரி, எனக்கென்ன தெரியும். ஆனா கையில ஒரு பேராவது இல்லாம என்னத்தை எழுதறது? அதனால தலைவர்கிட்ட, "படகு ஓட்டிக்கிட்டுப் போனவங்க ஒவ்வொருத்தரா அவங்கவங்க படகுகிட்ட வந்து நிக்கட்டும். ஆளுக்கு ஒரு வார்த்தை பேசிட்டுப் போறேன்"னேன்.

மனுஷன் முகம் மாறிடுச்சு. என்னைத் தனியா ஓரமாக் கூட்டிட்டுப் போனார். "மேடம், ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. ஆள் கடல்ல இருக்கையில 'வரல'ங்கிற பேச்சை எங்க கரையில எடுக்க மாட்டாங்க. நீங்க எப்படி மாத்தி மாத்திக் கேட்டாலும் எந்தப் பொம்பளை வாயிலேருந்தும் அது வராது. அந்தப் பேச்சு எழுந்தா ஆள் அப்படியே தங்கிப்போயிடுவான்னு நினைப்பு"ன்னார். நம்ம வீட்ல கிளம்பும்போது 'போறேன்'னு சொன்னா அம்மா திட்டுவாங்க இல்ல, 'போயிட்டு வரேன்'னு சொல்லுன்னு? அதேதான். அங்கே அது உயிர் விஷயம்.

"சரி, நான் யாரையும் அதைச் சொல்லச் சொல்லல. ஓட்டினவங்க வந்து நிக்கட்டும்"னேன்.

மழையில ஒவ்வொருத்தரா வந்து நின்னாங்க. பேரைச் சொன்னாங்க, எப்ப கரை ஏறினோம்னு சொன்னாங்க. ஒரு சிலர் முணுமுணுத்தாங்க, "கஞ்சி குடிக்கக்கூட விடமாட்டேங்கிறாங்க"ன்னு. வரிசையா நடந்துக்கிட்டே போனேன். கடைசிக்கு முன்னாடி ஒரு படகு நிக்கிற அளவுக்கு இடம் காலி. அங்கே மீன் கூடையைக் கவுத்துப் போட்டு அது மேல ஒரு பொண்ணு உட்கார்ந்திருக்கா. முப்பது வயசு இருக்கும். பேர் வசந்தின்னு தலைவர் சொன்னார்.

"இங்க யார் படகும்மா நிக்கும்?"

"எங்களோடது."

"படகு எங்க?"

"வந்துரும்."

"வீட்டுக்காரர்?"

"வந்துருவாரு."

பக்கத்துல இருந்த இன்னொருத்தி குறுக்கே விழுந்து, "கோடியக்கரையில ஒதுங்கிட்டாங்களாம் மேடம், பத்திரமா இருக்காங்களாம்"னா.

"யாரும்மா சொன்னது?"

"சொல்றாங்க மேடம்."

அட கடவுளே! நான் ஆபீஸ்லேருந்து எதைத் துரத்திக்கிட்டு வந்தேனோ அது எனக்கு முன்னாடி ஓடி வந்து கடற்கரையில உட்கார்ந்திருக்கு. கோடியக்கரைப் பக்கம் கண்ட்ரோல் ரூமுக்கு அடிச்சுப் பார்த்தேன், லைன் செத்துக்கிடக்கு. சுத்தி நின்னவங்ககிட்ட ஒருத்தர் விடாமக் கேட்டேன். அவ சொன்னா, இவ சொன்னா, அங்க பேசிக்கிட்டாங்க, அவ்வளவுதான். ஒருத்தருக்கும் கோடியக்கரையிலேருந்து போன் வரல. வசந்தி மட்டும் என் வாயையே பார்த்துக்கிட்டிருந்தா. எங்க ஆபீஸ்ல தலை தப்பறதுக்கு எழுதற அதே வார்த்தையை அவ உயிரைப் பிடிச்சுக்கறதுக்குப் பிடிச்சிருந்தா. அதை நான் பிடுங்கணும். என் பொழப்புல அவ்வளவு கஷ்டமான நேரம் வேற வரல.

எத்தனை பேர், எப்ப கிளம்பினாங்கன்னு தலைவர்கிட்ட கேட்டுக்கிட்டு சாருக்குப் போன் போட்டேன். "ஒரு படகு இல்ல சார். நாலு பேர். கடல்லயே ரெண்டு நாள் தங்கிப் பிடிக்கப் போனவங்க. கோடியக்கரையில ஒதுங்கியிருக்கிறதா இங்க பேச்சு. யாரும் பார்க்கல."

"அப்ப ஒதுங்கியிருக்கலாம் இல்ல?"

"இருக்கலாம் சார்."

"மேடம், வந்தாச்சுன்னு யாரு சொன்னாங்கன்னு கேட்டுத்தானே நீங்க கிளம்பிப் போனீங்க? இப்ப நான் கேக்குறேன். வரலன்னு யாரு சொன்னாங்க? ஒரு பேர் குடுங்க. வீட்டு ஆள் ஒருத்தர் சொல்லட்டும். மேல பேசிக் கப்பலைப் பிடிச்சு வைக்கிறேன். பேர் இல்லாம நான் கேட்டா, 'ஒதுங்கிட்டானாமே'ன்னு அவங்களும் ஒண்ணு சொல்வாங்க."

நியாயம்தானே? என் கேள்வியை எனக்கே திருப்பிவிட்டார். கோபம் வந்துச்சு. 

தலைவரைப் பார்த்து, "நீங்க சொல்லுங்களேன்"னேன். கையெடுத்துக் கும்பிட்டார். "ஊர்ல நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா, தலைவர் வாயிலேருந்து வந்துச்சுன்னு ஆயிடும் மேடம்"னார். மத்த ஆம்பளைங்க வேற பக்கம் பார்த்துக்கிட்டாங்க.

வசந்தி பக்கத்துல மணல்லயே உட்கார்ந்தேன். புடவை நனைஞ்சா நனையட்டும். விஷயத்தை ஒளிக்காமச் சொன்னேன். கப்பல் ஒண்ணு வெளியில நிக்குது. இன்னும் கொஞ்ச நேரத்துல வடக்கே போயிடும். வீட்டு ஆள் யாராவது வாயைத் திறந்து சொன்னா நிறுத்தச் சொல்லிக் கேக்கலாம்.

பொண்ணு பத்திரகாளியா எழுந்தா. "நீங்க யாரு மேடம், என் வாயால சொல்லச் சொல்றதுக்கு? உங்க வீட்டு ஆம்பளை கடலுக்குப் போயிருக்காரா? வந்துருவாருன்னு ஊரே சொல்லுது, உங்களுக்கு என்ன வந்துச்சு?"ன்னு கத்தினா. சுத்தி நின்ன பொம்பளைங்களும் என்மேல பாய்ஞ்சாங்க. டிரைவர் பயந்துபோய் ஜீப்பை ஸ்டார்ட் பண்ணிட்டான்.

நான் எழுந்திருக்கல. "திட்டும்மா, பரவால்ல. ஆனா ஒண்ணு கேளு. ஊரே சொல்லுதுன்னு சொல்றியே, அந்த ஊர்ல ஒருத்தராவது அவரைப் பார்த்தாங்களா? உன்கிட்ட அவர் பேசினாரா?"ன்னேன்.

கடலைத் திரும்பிப் பார்த்தா. காத்துல முந்தானை அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் கேட்டா, "நான் சொன்னா கப்பல் அவங்களைக் கொண்டாந்துருமா?"

ஆறுதலுக்கு ஆமான்னு சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரைக்கும் வந்துச்சு. சொல்லல. "கொண்டு வரும்னு என்னால சொல்ல முடியாதும்மா. நீ சொல்லலைன்னா கப்பல் போயிடும். அது மட்டும் எனக்கு நிச்சயமாத் தெரியும்"னேன்.

வசந்தி திரும்பினா. கடலுக்கு முதுகைக் காட்டி, ஊரைப் பார்த்து நின்னா. முந்தானையால வாயை மறைச்சுக்கிட்டு, கடல் காதுல விழக்கூடாதுங்கிற மாதிரி சன்னமாச் சொன்னா. "எங்க வீட்டுக்காரரு கலைமணி இன்னும் வரல. கூட மூணு பேரு." சொல்லி முடிச்சதும் அப்படியே மடங்கி உட்கார்ந்துட்டா. பின்னாடி ஒரு பொம்பளை ஓன்னு அழ ஆரம்பிச்சா. எனக்கும் கண்ணு கலங்கிடுச்சு. ஆனா அழறதுக்கு நேரமில்ல.

ஜீப்புக்குள்ள உட்கார்ந்து போன்லயே தட்டினேன். இங்கிலீஷ்ல எழுதினதைத் தமிழ்ல சொன்னா இவ்வளவுதான்: 'மண்டபத்தூர் கலைமணியின் மனைவி வசந்தி தன் கணவரின் படகு திரும்பவில்லை என்று சொல்கிறார். அதில் நான்கு பேர் இருக்கிறார்கள். அவர் சொன்னதை நான் நேரில் கேட்டேன். மற்ற படகோட்டிகளை நான் நேரில் பார்த்தேன்.' கீழே என் பேரு, என் போன் நம்பர், வசந்தி போன் நம்பர்.

சார் உடனே கூப்பிட்டார். "என்ன மேடம், 'நான் நான்'னு எழுதியிருக்கீங்க? இது கவர்மெண்ட் ரிப்போர்ட்டா, காதல் கடிதமா?"

"சார், கப்பல்காரருக்குச் சந்தேகம்னா யாரைக் கூப்பிடுவார்? 'இட்'டையா கூப்பிடுவார்?"

 "சரி, அப்படியே போகட்டும்"னார். ஒரு எழுத்து மாத்தாம அனுப்பினார். அவர் பேரையும் அடியில சேர்த்துட்டார்னு பின்னாடிதான் பார்த்தேன். அவர் மேல எனக்கு இருந்த மரியாதை அன்னைக்கு ரெண்டு மடங்காச்சு.

கப்பல்காரர் கூப்பிட்டார், ஆமா! என்னை இல்ல, வசந்தியை. ஹிந்தியும் இங்கிலீஷும் கலந்து பேசினார், நான் நடுவுல நின்னு மாத்திச் சொன்னேன். எந்தப் பக்கம் வலை விடப் போனார், படகு என்ன கலர், எவ்வளவு எண்ணெய் எடுத்துட்டுப் போனார்னு கேட்டார். ஒவ்வொண்ணா சொல்லிக்கிட்டே வந்தா. பெயிண்ட் போன மாசம்தான் அடிச்சாங்களாம், மேல நீலம், உள்ள மஞ்சள். தெற்கே தள்ளித்தான் போயிருப்பாருன்னு கையை நீட்டிக் காட்டினா. போன்ல இருக்கிறவருக்குக் கை தெரியாதேன்னு அவளுக்குத் தோணல. நான் திசையைச் சொன்னேன். கப்பல் தெற்கே திரும்புச்சு.

பிள்ளைங்களா, இதை நல்லாக் கேட்டுக்கங்க. பேர் போட்டு எழுதினா நாளைக்கு நம்மைப் பிடிப்பாங்கன்னு உங்களுக்குச் சொல்லிக்குடுப்பாங்க. பிடிப்பாங்கதான். ஆனா பேர் இருந்தாத்தான் மேலே இருக்கிறவனுக்குத் திருப்பிக் கேக்க ஒரு ஆள் கிடைக்கும். அன்னைக்கு 'ஒரு படகு திரும்பவில்லை எனத் தெரியவருகிறது'ன்னு மொட்டையா அனுப்பியிருந்தா, அந்தக் கப்பல் எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாமச் சும்மா சுத்தியிருக்கும்.

எனக்குப் பயம் இல்லாம இல்ல. கோடியக்கரையில அந்த நாலு பேரும் டீ குடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா? வடக்கே ஏதாவது ஆகிப்போனா? வீட்டுக்குப் போய் மாதா படத்துக்கு முன்னாடி உட்கார்ந்தேனே ஒழிய ஜெபம் ஓடல. இருந்தாலும் எழுதினதை ஒரு தடவைகூட மாத்தி எழுதியிருக்கலாம்னு தோணல. தெரிஞ்சதை எழுதினேன், யாரு சொன்னாங்கன்னு எழுதினேன். அதுக்கு மேல என் கையில ஒண்ணும் இல்ல. வடக்கே இருந்த படகுங்களுக்கு வேற கப்பல் போயிருந்துச்சு, அங்கே எல்லாரும் தப்பிச்சாங்கன்னு அந்த ஊர் கண்ட்ரோல் ரூம்ல இருந்த அம்மாவே மறுநாள் காலையில என்கிட்ட சொன்னாங்க.

மறுநாள் மத்தியானம் கப்பல்லேருந்து சேதி வந்துச்சு. இன்ஜின் கெட்டுப்போய், தெற்கே ரொம்பத் தூரம் அடிச்சுக்கிட்டுப் போயிருக்கு படகு. பாதி தண்ணி ரொம்பிடுச்சாம். நாலு பேரும் மாத்தி மாத்தி இறைச்சுக்கிட்டே இருந்திருக்காங்க. ஒருத்தனுக்குக் கை ஒடிஞ்சிருந்துச்சு. நாலு பேருக்கும் உயிர் இருந்துச்சு. கண்ட்ரோல் ரூமே கைதட்டுச்சு. சார் மூக்கைச் சிந்திக்கிட்டு, "ஜலதோஷம்"னார்.

புயல் ஓய்ஞ்சு, மரமெல்லாம் அப்புறப்படுத்தி, ஆபீஸ் பழையபடி ஆனப்புறம் ஒரு நாள் வசந்தி வந்தா. பின்னாடி ஒரு ஆள். கருத்து மெலிஞ்சு, உதடெல்லாம் வெடிச்சு, செருப்பை வாசல்லயே விட்டுட்டு உள்ளே வரத் தயங்கிக்கிட்டு நிக்கிறார். கலைமணி. நன்றி சொல்ல வந்திருக்காங்கன்னு நான் எழுந்து, "வாங்க, வாங்க"ன்னேன். வசந்தி உட்காரல.

"அன்னைக்கு நான் சொன்னதை எழுதினீங்களே மேடம், அது எங்க இருக்கு?"

ஃபைலை எடுத்துக் காட்டினேன். இங்கிலீஷ்ல இருந்துச்சு. அவ பேர் இருக்கிற இடத்தை விரலால காட்டினேன்.

"அதை அடிச்சுடுங்க"ன்னா.

"ஃபைல்ல ஏறினதை அடிக்கக் கூடாதும்மா. பின்னாடியே கண்டுபிடிச்ச ரிப்போர்ட்டும் இருக்கு பாரு."

"அது கப்பல்காரங்க சொன்னது. இது நான் சொன்னது. என் வாயால சொன்னது அப்படியே கெடக்கே மேடம். அவரு வந்துட்டாரு, இந்தப் பேப்பரு இன்னும் வரல வரலன்னு சொல்லிக்கிட்டிருக்கு. நாளைக்கு அவரு மறுபடி கடலுக்குப் போவணும். இது இங்க கெடந்தா எனக்குத் தூக்கம் வராது."

நான் சிரிக்கல. நீங்களும் சிரிக்காதீங்க. அந்த வரியை அவ எவ்வளவு கஷ்டப்பட்டுக் குடுத்தான்னு பக்கத்துல உட்கார்ந்து பார்த்தவ நான். ரூல்ஸை யோசிச்சேன். அடிக்கத்தான் கூடாது. அடியில எழுதக் கூடாதுன்னு எங்கேயும் இல்ல.

"ஏங்க, இங்க வாங்க"ன்னு கலைமணியைக் கூப்பிட்டேன். "நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, எழுதிக்கறேன்."

"என்னத்தங்க சொல்றது?"

"வந்துட்டீங்களா?"

அந்த மனுஷன் பொண்டாட்டியைப் பார்த்தார். வெடிச்ச உதட்டை வச்சுக்கிட்டுச் சிரிச்சார். "வந்துட்டேங்க"ன்னார்.

வசந்தி சொன்ன வரிக்கு நேர் கீழே, அதைத் தமிழ்லயே எழுதினேன். 'வந்துவிட்டேன் என்று கலைமணி நேரில் சொன்னார்.' அவர் கையெழுத்துப் போட்டார். வசந்தி ஃபைலைத் தன் பக்கம் இழுத்து, விரலை வச்சு ஒவ்வொரு எழுத்தாப் படிச்சா. படிச்சு முடிச்சு, மூச்சை விட்டு, முந்தானையால முகத்தைத் துடைச்சுக்கிட்டா.

"இப்பத்தான் மேடம் வந்தாரு"ன்னா.